வரையாடு என்று விற்றார்கள், வந்தது தாடி வைத்த ஆடு

சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசு லேபிள் என்று தினமும் ரீம் ரீமாகக் காகிதம் கையில் புழங்குகிறது. அப்படிப்பட்டவன் ஆன்லைனில் காகிதம் வாங்கி ஏமாந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆட்கள் வேறு பெயரில் மறுபடியும் கடை விரித்திருக்கிறார்கள். அக்டோபரும் வரப்போகிறது. அதனால் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

போன வருடம் வன உயிரின வாரத்துக்காக, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியில் ஆளுக்கொரு அரிய விலங்கின் மாதிரி செய்துவரச் சொன்னார்கள். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்தது வரையாடு. பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். அந்த வருடக் கோடை விடுமுறையில்தான் மூணாறு போய், இரவிகுளத்தில் ரோட்டோரமாகவே வரையாடு மேய்வதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நம் மாநில விலங்கு வேறு. அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாக அரசு அறிவித்திருக்கிறது. 1975-லேயே இந்த விலங்கை ஆராய்ந்த இ.ஆர்.சி. டேவிதாரை நினைவுகூரும் நாள் அது. கண்காட்சியும் அதே வாரத்தில்தான்.

களிமண்ணில் செய்யலாம் என்றேன். காகிதத்தில்தான் வேண்டும் என்றாள். பத்துப் பதினைந்து தாளில் பாகங்களை அச்சடித்து, வெட்டி, மடித்து, ஒட்டி நிற்க வைப்பார்களே, அந்த மாதிரி. ஜப்பானின் யமஹா நிறுவனம் ஒரு காலத்தில் அரிய விலங்குகளை இப்படிக் காகித மாதிரியாக இலவசமாகத் தந்துகொண்டிருந்தது, 2018-ல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்கள். கேனான் தளத்தில் இன்றைக்கும் இலவசமாக நிறைய விலங்குகள் கிடைக்கின்றன. ஆனால் நான் தேடிய இடங்களில் வரையாடு அகப்படவில்லை. அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

படம் அருமையாக இருந்தது. பாறைமேல் நிற்கும் பழுத்த கிடா, முதுகில் அந்த வெள்ளி நிறத் திட்டு, பின்னால் வளைந்த கொம்பு. ‘220 ஜிஎஸ்எம் அட்டை, வெட்டி, கிரீசிங் போட்டுத் தரப்படும், ஒட்டினால் போதும், உயரம் 34 செ.மீ.’ ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்லும் எடைக் கணக்கு, கிரீசிங் என்றால் மடிக்கவேண்டிய இடத்தில் அழுத்திப் போடும் கோடு. விலை 649 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. ஜிபேயில் பணம் அனுப்பும்போது கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அனுப்பிவிட்டேன்.

நான்கு நாளில் வரும் என்றார்கள். பதினொன்றாம் நாள், கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கூரியர் கவரில் சுருட்டிப்போட்ட ஒன்பது தாள் வந்தது. பிரித்ததும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. 80 ஜிஎஸ்எம், ஜெராக்ஸ் கடையில் போடுகிற சாதாரணத் தாள். வெட்டும் இல்லை, கிரீசிங்கும் இல்லை. பாகங்களுக்கு எண்கூட இல்லை. செய்முறை என்று ஒரு தாளில் நான்கு அம்புக்குறிகள் மட்டும் இருந்தன.

சரி, வந்ததை வைத்துச் செய்வோம் என்று உட்கார்ந்தோம். அதே தாளைப் பிரஸ்ஸில் கிடந்த அட்டைமேல் ஒட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மடிப்புக்கோடுகளை அழுத்தி இழுத்துக்கொண்டு, இரண்டு ராத்திரி வெட்டினோம். உடம்பு நன்றாகவே உருண்டு வந்தது. கழுத்தைக் கொண்டுபோய்ப் பொருத்தினால் சேரவில்லை. ஒட்டுவதற்காக விட்டிருக்கும் ஓர மடிப்புகள் உள்ளே விழுகின்றன, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. மகள், தான்தான் தப்பாக வெட்டிவிட்டோம் என்று கண் கலங்கிவிட்டாள்.

ஸ்கேலை எடுத்து அளந்தேன். உடம்பில் கழுத்து உட்காரவேண்டிய விளிம்பு 62 மில்லிமீட்டர். கழுத்தில் அதே விளிம்பு 58. பிரஸ்காரனுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ., அமெரிக்க லெட்டர் தாளின் நீளம் 279. ஏ4 பக்கத்தை லெட்டருக்குள் அடங்கச் சுருக்கினால் 94 சதவீதம் ஆகிவிடும். 62-க்கு 94 சதவீதம் போட்டுப் பாருங்கள், 58 சொச்சம் வரும். எங்கெங்கிருந்தோ எடுத்த பக்கங்களை, சிலதைச் சுருக்கியும் சிலதை அப்படியேயும் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். இப்படியான கோப்பில் எப்படி வெட்டினாலும் ஒட்டாது. ஒழுங்காகச் செய்பவர்கள் தாளின் ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கோடு ஒன்று அச்சடித்திருப்பார்கள். அச்சானதும் அதை அளந்தால் அளவு மாறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதில் அந்தக் கோடு இல்லை. அது இருந்திருக்க வேண்டிய மூலையில் வெள்ளைக் கட்டம் போட்டு எதையோ மறைத்திருந்தார்கள். விளக்கில் சாய்த்துப் பார்த்தால் வெளிநாட்டு எழுத்தின் நிழல் தெரிந்தது.

கொம்புக்கு வந்தோம். இரண்டு கொம்பும் ஒரே அச்சு, ஒன்றையே இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். வலதுக்கும் இடதுக்கும் கண்ணாடிப் பிம்பம் போல மாற்றி அடித்திருக்க வேண்டாமா? ஒட்டினால் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன, காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி. பின்னங்காலில் ஒன்று எந்தத் தாளிலும் இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய கோளாறைக் கண்டுபிடித்தவள் மகள்தான். முகத்தை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, “அப்பா, இதுக்குத் தாடி இருக்கு” என்றாள்.

“ஆடுன்னா தாடி இருக்கும்லம்மா” என்றேன், விவரம் கெட்டவன்.

“வரையாட்டுக்குத் தாடி கிடையாதுப்பா. நான்தான் பார்த்தேனே.”

அவள் சொன்னதுதான் சரி. வரையாட்டுக்குத் தாடி இல்லை. கொம்பிலும் பெரிய பெரிய முடிச்சுகள் இருக்காது, நெருக்கமான வரிகளோடு ஒரே வளைவாகப் பின்னால் போகும். பெயரில்தான் ஆடு. மரபணுவை வைத்துப் பார்த்தால் வெள்ளாட்டை விடச் செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று 2005-ல் அதற்குத் தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள். எங்கள் கையில் இருந்ததோ தாடியும் முடிச்சுக் கொம்பும் வைத்த ஐபெக்ஸ் என்ற காட்டு வெள்ளாடு. தேடிப் பார்த்தால் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் அதே பாகங்கள், அதே வரிசையில், சொந்த உபயோகத்துக்கு இலவசம் என்று போட்டிருக்கிறது. அதை இறக்கி, பழுப்பு நிறம் ஏற்றி, பெயரை மறைத்து, நமக்கு 649 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். விளம்பரத்தில் இருந்த அழகான கிடாவுக்கும் இந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை.

விற்றவரிடம் படங்களோடு கேட்டேன். முதல் பதில்: “சார் லைன் பார்த்து கரெக்டா கட் பண்ணா கரெக்டா வரும்.” நானும் இந்தத் தொழில்தான் என்று அளவுகளைச் சொன்னதும், “அன்பாக்சிங் வீடியோ இருக்கா?” அது இல்லை என்றதும், “டிஜிட்டல் ப்ராடக்டுக்கு ரீஃபண்ட் கிடையாது.” கூரியரில் வந்த தாள் எப்படி டிஜிட்டல் ஆகும் என்று கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். விற்றவரின் முழுப் பெயர், முகவரி கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பரும் ஒரு பக்கத்தின் பெயரும்தான். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் கடை நடத்துபவர் தன் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாம் போட்டிருக்க வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். முகவரியே போடாத பக்கத்தில் வாங்கினால் புகார் எழுதக்கூட ஆள் கிடைக்காது. பணம் போய்ப் பொருளே வராதவர்கள் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள், சைபர் மோசடிக்கான எண் அது. நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டமாகிவிடும்.

பிரஸ்ஸில் விஷயம் தெரிந்ததும் ஒரே சிரிப்பு. “சிவகாசில இருந்துகிட்டு வெளியூர்ல பேப்பர் வாங்கினியாக்கும்?” என்று பைண்டிங் அண்ணாச்சி இன்றைக்கு வரை விடவில்லை. ஆனால் கை கொடுத்தவர்களும் அவர்கள்தான். டிசைனிங் தம்பி பக்கங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு கொம்பைத் திருப்பிப்போட்டு, முடிச்சுகளை அழித்தான். இருக்கிற பின்னங்காலைத் திருப்பி இல்லாததை உண்டாக்கினான். நான்கு காலையும் மகள் சொன்னபடி குட்டையாக்கினோம். மீந்த 210 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சடித்து, வெட்டு விளிம்பில் வெள்ளை தெரியாமல் பழுப்பு ஸ்கெட்சால் இழுத்து, ஃபெவிகாலைக் குச்சியில் தொட்டு ஒட்டினோம். தாடியைக் கத்தரிக்கோலால் அவளே நறுக்கினாள். அந்த மூஞ்சி கடைசிவரை கொஞ்சம் ஐபெக்ஸ் சாயலில்தான் இருந்தது, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. கீழே அட்டையில், தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-ல் 1,303 என்று எழுதி வைத்தாள்.

649 ரூபாய் இதுவரை வரவில்லை.

போன வாரம் அதே நம்பர், வேறு பெயரில் ஒரு பக்கம். இந்தத் தடவை சிங்கவால் குரங்கு, 749 ரூபாய், மறுபடியும் கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. விளம்பரப் படம் நிஜக் குரங்கைப் போலவே இருக்கிறது, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். அடுத்த படத்தில் கொஞ்சம் பாகங்களைக் காட்டியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தத் தாளில் குரங்குக்கு வாலே இல்லை.