ஊட்டி வீட்டுக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் மெஷின்: எவர்ஃப்ளோ தாங்குமா?

நுரையீரல் புற்றுநோய்க்குக் கோவையில் சிகிச்சை முடித்து டிஸ்சார்ஜ் ஆகிற அன்று, விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டர் 93 சதவீதம் காட்டும். ஆக்சிஜன் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே அது சரிதான். ஆனால் கோவையின் உயரம் சுமார் 410 மீட்டர், ஊட்டியின் உயரம் 2,240. மலையேறி வீடு வந்ததும் அதே நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். அதே ஆள் ஊட்டியில் 86, 87-ல் நிற்கலாம். அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் "எங்கள் வீடு ஊட்டியில்" என்று சொல்லி, வீட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வைக்க வேண்டும், எந்த அளவுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பல வருடம் பீடி, சிகரெட் பிடித்து மூச்சுக்குழாய் நோயும் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை போதும், கூடுதல் ஆக்சிஜன் கெடுதல் செய்யும்.

அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினுக்குக் கான்சென்ட்ரேட்டர் என்று பெயர். வாடகைக் கடைகளில் அதிகம் கிடைப்பவற்றில் ஒன்று, நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் பிலிப்ஸ் எவர்ஃப்ளோ. எடை 14 கிலோ. சத்தம் 45 டெசிபல் அளவு, பக்கத்தில் படுப்பவர் இரண்டு நாளில் பழகிவிடுவார். காற்றில் உள்ள நைட்ரஜனை ஜியோலைட் மணிகள் பிடித்துக்கொள்ள, பெரும்பாலும் ஆக்சிஜனே வெளியே வரும். நல்ல நிலையில் 90 முதல் 96 சதவீதம் கிடைக்கும். சமவெளி வீட்டுக்கு யோசிக்காமல் சிபாரிசு செய்யலாம்.

மலை என்றால் அதன் கையேட்டில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, 2,286 மீட்டர் உயரம் வரைதான் இயங்கும் என்பது. குன்னூர், கோத்தகிரிக்குக் கவலையில்லை. கொடைக்கானல் ஊருக்குள்ளும் சரி. ஊட்டி டவுன் வரம்பை ஒட்டி நிற்கிறது, தொட்டபெட்டா சரிவில் மேலே இருக்கும் வீடுகள் வரம்புக்கு வெளியே. இரண்டாவது, அறை வெப்பம் 13 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரிகளில் ஓட்டு வீட்டு அறைக்குள்ளேயே 13-க்குக் கீழே இறங்கிவிடும். மெஷினை வராந்தாவிலோ ஸ்டோர் ரூமிலோ வைத்து நீளக் குழாய் இழுக்காதீர்கள். நோயாளி படுக்கும் அறையிலேயே, சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஜீப்பில் குளிரில் வந்த மெஷினை இறக்கியவுடன் சுவிட்ச் போட வேண்டாம். உள்ளே வேர்த்த ஈரம் ஜியோலைட்டைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் அறையில் கிடக்கட்டும்.

இதில் எங்களுக்குப் பிடிக்காத விஷயம் அந்தப் பச்சை விளக்கு. ஆக்சிஜன் அளவு காட்டும் மாடலில் 82 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மஞ்சள் எரியும், 70-க்குக் கீழே சிவப்பு. ஆக, 83-ல் தள்ளாடும் மெஷினும் பச்சையாகவே சிரிக்கும். கோவையில் சோதித்த சீட்டை நம்பாமல், வீட்டில் வைத்து பத்து நிமிடம் ஓடவிட்டு, உங்கள் டாக்டர் சொன்ன லிட்டரிலும் 5 லிட்டரிலும் ஆக்சிஜன் அனலைசரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். மெஷின் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டரையும் பாருங்கள். 1 முதல் 3 லிட்டர் தேவைப்படுபவருக்கு ஊட்டி டவுனில் இது போதும். 4, 5 லிட்டர் என்றால் இதை எடுக்காதீர்கள். உயர வரம்பைப் பார்த்து 10 லிட்டர் மெஷின் எடுங்கள்.

ஆக்சிஜன் வரவில்லை என்ற புகாருக்குக் காரணம் பல நேரம், ஆக்சிஜனை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் பாட்டிலின் மூடியில்தான் இருக்கும். மரை கோணலாகப் பிடித்தால் காற்று அங்கேயே கசிந்துவிடும். மூக்குக் குழாயின் நுனியை ஒரு தம்ளர் தண்ணீரில் விடுங்கள், குமிழி வர வேண்டும். பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீரை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஊற்றி, தினமும் மாற்றுங்கள். குளிரில் குழாய்க்குள் நீர்முத்து சேர்ந்தால் கழற்றி உதறுங்கள்.

ஆக்சிமீட்டரும் மலையில் ஏமாற்றும். விரல் ஜில்லிட்டிருந்தால் குறைத்துக் காட்டும், மருதாணி இருந்தாலும் தடுமாறும். கையைக் கம்பளிக்குள் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அளவு பாருங்கள். மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துக் குளிர் காய்ந்தால் ஆபத்து வேறு விதம். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினாலும் ஆக்சிமீட்டர் 97 என்று நல்லபடியாகவே காட்டும். கணப்பு, விறகடுப்பு, சாமி விளக்கு எதுவும் மூன்று மீட்டருக்குள் வேண்டாம். நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்க்கும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அது தீப்பற்றும், ஆக்சிஜன் ஓடும்போது தேய்க்கவே கூடாது. மூக்கு காய்ந்தால் வாசலினும் வேண்டாம், எண்ணெய் இல்லாத, தண்ணீரில் செய்த ஜெல் போடுங்கள்.

மெஷின் இழுக்கும் கரன்ட் 350 வாட் என்று வைத்தால் நாள் முழுக்க ஓட 8.4 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 500 யூனிட்டைத் தொடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போனால் 150 ஏஎச் பேட்டரி மூன்றரை மணி நேரம் தாங்கும், அதுவும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால். அதனால் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, ரெகுலேட்டரும் சாவியும் சேர்த்து, கட்டாயம் வேண்டும். நிறைந்த சிலிண்டரில் 1,500 லிட்டர். 2 லிட்டரில் 12 மணி நேரம். கோவைக்குச் செக்கப் போகும்போது காரிலும் அதுவே துணை.

மெஷினை நொந்துகொள்ளக் கூடாத நேரமும் உண்டு. நேற்று வரை 2 லிட்டரில் 93 இருந்தவர் இன்று 88 என்றால், வறட்டு இருமலும் சேர்ந்தால், ஃப்ளோவைத் திருகிக்கொண்டே போகாதீர்கள். ரேடியேஷன் முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் நுரையீரல் அழற்சி வரலாம். உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசியாலும், ஒசிமெர்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகளாலும் வரும். சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டில் அடங்கும், அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். மாறாக 94 இருந்தும் மூச்சு முட்டினால் இந்த மெஷினால் பெரிய பலன் இல்லை. நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். நீரை வடித்தால் கிடைக்கும் நிம்மதியை எந்தக் கான்சென்ட்ரேட்டரும் தராது. டாக்டரைப் பார்க்கும் வரை சின்ன டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள், குளிர் ஊராக இருந்தாலும்.