வீடியோ விசாரணைக்கு அறை தரும் பிரவுசிங் சென்டர்: போகலாமா?

சென்னையில் இருந்தபோது ஃபிரிட்ஜ் விஷயமாக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன், இப்போது குடியிருப்பது தென்காசிப் பக்கம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(6) பிரிவில், தகுந்த காரணம் சொல்லி மனு கொடுத்தால் காணொலியில் விசாரிக்க ஆணையம் அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் வீட்டு நெட்டை நம்பி வாய்தாவுக்கு உட்கார எனக்குத் தைரியமில்லை. அதனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஒரு பிரவுசிங் சென்டரில் அறை எடுத்தேன், மணிக்கு 150 ரூபாய்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்கார அண்ணன் முந்தின நாள் சாயங்காலமே வரச் சொல்லி, கேமராவைக் கண் மட்டத்துக்கு ஏற்றி, பின்னால் தொங்கிய காலண்டரைக் கழற்றி, திரையில் என் பெயரோடு வழக்கு எண்ணும் தெரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். வைஃபை இல்லை, கேபிள் நெட், யுபிஎஸ் உண்டு. "கூப்பிடுற வரைக்கும் மியூட்ல இருங்க சார், சட்டை நல்லதா போட்டுட்டு வாங்க" என்றார். 2025 ஜூனில் குஜராத் உயர் நீதிமன்ற விசாரணையில் ஒருவர் கழிப்பறையிலிருந்தே கலந்துகொண்ட வீடியோவை அவரும் பார்த்திருப்பார் போல.

இனி குறைகள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிறது, தடுப்பு வெறும் பிளைவுட், ஹெட்செட் இல்லாமல் உட்கார்ந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வது பாதி காதில் விழாது. சொந்த ஹெட்செட் கொண்டு போங்கள், அவர்கள் தருவதில் ஒரு காது வேலை செய்யவில்லை. அன்றைய வழக்குப் பட்டியலில் வரிசை எண்தான் இருக்கும், எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் கடையில் மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அரை நாளுக்கு ஒரு தொகை பேசிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இதைவிட எனக்குக் கடுப்பானது, முன்பு வந்த யாரோ ஒருவரின் ஆதார் நகலும் வங்கி ஸ்டேட்மென்டும் டெஸ்க்டாப்பில் அப்படியே கிடந்தன. சொன்னதும் அழித்தார், அது வேறு விஷயம். நீங்கள் பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் பென்டிரைவிலிருந்தே திறங்கள், முடிந்ததும் மெயிலிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

வாதம் சொல்லவும் அடுத்த வாய்தா வாங்கவும் இந்த அறை போதும். சாட்சி சொல்வது, குறுக்கு விசாரணை என்றால் எந்த இடத்திலிருந்து, யார் முன்னிலையில் என்பதை நீதிமன்றத்திடம் கேட்காமல் இங்கே பணம் கட்டாதீர்கள். எடுப்பதாக இருந்தால் ஜன்னல் பக்கத்து அறையைக் கேளுங்கள், அங்கே ஜெராக்ஸ் சத்தம் கொஞ்சம் குறைவு.