ஜிஐ பைப் கேரியர்: வலுவில் குறையில்லை, ஆனால் அந்தத் துரு

நண்பர் புது பிக்கப் எடுத்திருக்கிறார். ஏணியும் இருபதடி பைப்பும் வைக்க, பாடிக்கு மேல் என் வண்டியில் இருப்பதுபோலவே கேரியர் அடிக்க வேண்டுமாம். எம்.எஸ்ஸா (பூச்சில்லாத சாதா இரும்பு), ஜிஐயா (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு), அலுமினியமா என்று கேட்கிறார். போனில் பேசினால் திட்டாகத்தான் வரும், அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது ஜிஐ ஸ்கொயர் பைப், 40-க்கு 40, 2 மில்லி கனம். வலுவில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பிளம்பிங் வேலைக்கு ஓடுகிற வண்டி, லோடோடு வேகத்தடையில் எகிறியும் குறுக்குச் சட்டம் ஒரு நூல்கூட வளையவில்லை.

எரிச்சல் எல்லாம் துருதான். ஜிஐ துருப்பிடிக்காது என்று கடையில் சொல்வது பைப்புக்குச் சரி, வெல்டிங் வைத்த மூட்டுக்குச் சரியில்லை. துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும், இரும்பு உருக 1,500-ஐ நெருங்க வேண்டும், ஆக வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றிப் பூச்சு வெள்ளைப் புகையாகப் போய்விடுகிறது. (அந்தப் புகையை இழுத்தால் வெல்டருக்கு அன்று ராத்திரி குளிர்காய்ச்சல்கூட வரும், முதலில் கிரைண்டர் போட்டுப் பூச்சை எடுக்கச் சொல்லுங்கள்.) வெளியே ஜிங்க் பிரைமர் அடிக்கலாம், சரி, பைப்புக்கு உள்ளே யார் அடிப்பது? தூத்துக்குடி உப்புக்காற்று வேறு. ஒவ்வொரு மழைக்கும் மூட்டிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து வெள்ளை பாடியில் கோடு கோடாக இறங்குகிறது, தேய்த்துக் கழுவினால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கோடு. அடியில் ஓட்டை போட்டு வடியவிட்டதில் குறைந்தது, நிற்கவில்லை.

அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பும் அதே அளவுக்குக் குறைவு, இதே சைஸில் போட்டால் லோடுக்கு மூன்று மடங்கு தொய்யும், அதனால் உயரமான செக்‌ஷன் எடுக்க வேண்டும், விலை ஏறும். வெல்டிங் வைத்தால் அந்த இடம் வலுவிழக்கும், நட்டு போல்டில்தான் பூட்ட வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்டு நேராகப் பட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் அரித்துப்போகும், நடுவில் நைலான் வாஷர் கட்டாயம். எம்.எஸ்ஸில் இந்த வம்பெல்லாம் இல்லை: மலிவு, எந்தப் பட்டறையிலும் ஒட்டித் தருவார்கள், துருப்பிடிக்கும் என்று முதல் நாளே தெரியும்.

விலை, வலு, உழைப்பு என்று கணக்குப் போட்டால் ஜிஐதான் ஜெயிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் அலுமினியம் போடுங்கள். பணம் இடித்தால் எம்.எஸ் போட்டு வருஷா வருஷம் பெயிண்ட் அடியுங்கள். இன்று காலைதான் அந்தக் கோடுகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஜிஐ பேச்சை மட்டும் என்னிடம் எடுக்காதீர்கள்.