சூடானால் நின்றுபோகும் பைக்: ஸ்பார்க் டெஸ்டரில் எதை வாங்கலாம்?

காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும். வெயில் ஏறிய பிறகு அரை மணி நேரம் ஓட்டினால் இழுவை குறையும், திணறும், நின்றுவிடும். இருபது நிமிடம் நிழலில் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதற்குள் இன்ஜின் ஆறிவிடுகிறது, ஆறிய இன்ஜினில் கோளாறு தெரிவதில்லை. அதனால்தான் பிளக், கார்புரேட்டர், சிடிஐ (பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) என்று வரிசையாக மாற்றியும் பலருக்குத் தீர்வு கிடைப்பதில்லை. வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடத்தில் குறை கரண்டிலா பெட்ரோலிலா என்று பிரித்துவிட வேண்டும். ஸ்பார்க் டெஸ்டர் அதற்கான கருவி. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதல் வகை, பிளக்குக்கும் பிளக் கேப்புக்கும் நடுவில் சொருகும் நியான் பல்பு. இன்ஜின் ஓடும்போதே பல்பு மின்னுவதைப் பார்க்கலாம், மாட்டுவதும் சுலபம். ஆனால் கரண்ட் பலவீனமாக இருந்தாலும் அது பளிச்சென்று மின்னும். சூட்டில் வரும் கோளாறில் கரண்ட் அடியோடு நிற்பதைவிட வலுக் குறைவதுதான் அதிகம். அந்த நேரத்தில் 'கரண்ட் நன்றாக இருக்கிறது' என்று இந்தப் பல்பு தவறாகச் சொல்லிவிடும். வெயிலில் அதன் வெளிச்சமும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இந்த வேலைக்கு இதை வாங்க வேண்டாம்.

இரண்டாம் வகை, இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டெஸ்டர். கண்ணாடி மாதிரியான கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு முனைகள், பின்னால் ஒரு திருகு, எர்த்துக்கு ஒரு கிளிப், அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துப் பார்க்கும் பழைய முறையைவிட இது ஏன் மேல்? பிளக்கின் இடைவெளி சுமார் 0.7 மி.மீ. வெளிக்காற்றில் அதைத் தாண்ட சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தப்பட்ட நிலையில் அதே இடைவெளியைத் தாண்ட அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அதனால் செத்துக்கொண்டிருக்கும் இக்னிஷன் காயிலும் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் கம்பிச் சுருள்) வெளியே நன்றாகப் பொறி காட்டும். வெளிக்காற்றிலேயே 6 மி.மீ தாண்டச் சொன்னால்தான் உண்மை வெளிவரும். பல சர்வீஸ் புத்தகங்கள் கேட்கும் குறைந்தபட்ச அளவும் இதுதான், சில 8 மி.மீ கேட்கின்றன.

சோதனையை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குங்கள். 6 மி.மீ டிரில் பிட்டின் தண்டை நடுவில் வைத்து இடைவெளியை அமைக்க வேண்டும். டெஸ்டரில் அச்சிட்டிருக்கும் கிலோவோல்ட் அளவுகோலை நம்ப வேண்டாம், பெரும்பாலும் அது ஒப்புக்குத்தான். கேப்பை டெஸ்டரில் சொருகி, கிளிப்பைப் பெயின்ட் இல்லாத போல்ட்டில் மாட்டுங்கள். பெயின்ட் அடித்த ஃபின்னில் (இன்ஜினைக் குளிர்விக்கும் தகடு) மாட்டினால் எர்த் கிடைக்காது, நல்ல காயில் மேல் வீண்பழி விழும். பிளக்கை சிலிண்டர் ஹெட்டிலிருந்து கழற்றவே வேண்டாம். கழற்றினால் அந்த ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும், பக்கத்திலேயே பொறி பறந்துகொண்டிருக்கும். கிக் அடித்து, குளிரில் பொறி எப்படி வருகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சூட்டில் நின்றதும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒப்பிட வேண்டியது இந்த இரண்டையும்தான்.

நல்ல பொறி நீலமாக, தடிமனாக இருக்கும். ஒவ்வொரு கிக்குக்கும் 'சடக்' என்று காதில் விழும். சூட்டில் அது ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி இளைத்து, நாலில் ஒன்று விட்டுப்போனால் பிளக் கேப்பையோ காயிலையோ பாருங்கள். கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியை நேரடியாக டெஸ்டரில் கொடுத்ததும் பொறி தேறினால் குறை கேப்பில். ரெசிஸ்டர் கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். பொறியே இல்லையென்றால் பல்சர் காயில் (எப்போது பொறி வர வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் சிறு சுருள்), சிடிஐ, இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சின் வயர் என்று பின்னோக்கிப் போங்கள்.

பல்சர் காயிலை மல்ட்டிமீட்டரில் பார்க்கும்போது ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 200 ஓம் காட்டிய காயில், 90 டிகிரியில் 245 ஓம் பக்கம் காட்டினால் அது இயல்பு. அதைக் கெட்டதென்று தூக்கிப்போடாதீர்கள். சூட்டில் மீட்டர் 'ஓஎல்' (அளவுக்கு மீறிய ரெசிஸ்டன்ஸ்) காட்டினால் உள்ளே கம்பி விட்டிருக்கிறது. ஏற வேண்டியது இறங்கினால் சுற்றுகளுக்கிடையே ஷார்ட். மேசையில் வைத்து ஹேர் டிரையரால் சூடேற்றியே இதைப் பிடித்துவிடலாம், வெயிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நின்ற வண்டியிலும் பொறி நீலமாக 6 மி.மீ தாண்டுகிறதென்றால் கரண்ட் பக்கத்தை விட்டுவிடலாம். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அடுத்து டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய் கிக் லீவர் எதிர்ப்பில்லாமல் இறங்கும். இதை மட்டும் சூட்டில் அளக்கக்கூடாது. 35 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு, வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு வையுங்கள்.

இந்த டெஸ்டரிலும் குறைகள் இருக்கின்றன. திருகு லூசாக இருப்பதால் நாலைந்து கிக்கில் இடைவெளி நகர்ந்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் டிரில் பிட் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கிளிப்பின் ஸ்பிரிங் பலவற்றில் சோப்ளாங்கி. ஆழமான கேப்புக்குள் சொருகும் முனை எட்டாமல் போவதும் உண்டு, வாங்குமுன் உங்கள் கேப்பின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். 8 மி.மீ-க்கு மேல் திறந்து வைத்து கிக் அடிக்காதீர்கள். தாண்ட வழியில்லாத கரண்ட் காயிலின் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போகலாம்.

இதோடு சேர்த்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் வாங்கச் சொல்வார்கள். அவசரமில்லை. பளபளக்கும் அலுமினியத்தில் அது நிஜத்தைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஏற்கெனவே கையில் இருந்தால், அளக்கும் இடத்தில் கறுப்பு மேட் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, பக்கத்தில் பிடித்து அளந்தால் நம்பலாம்.