தனிச் சட்டிக்குப் பணம் வாங்கிவிட்டுப் பொதுச் சட்டியில் பொரித்த காலிஃபிளவர்: கோதுமை அலர்ஜி உள்ள வீட்டார் கவனத்துக்கு

போன மாதம் எங்கள் குடும்ப விசேஷத்தில் நடந்ததை எழுதுகிறேன். அலர்ஜி உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு கேட்டரிங்குக்குச் சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள்.

என் சின்னவனுக்கு ஏழு வயது. கோதுமை ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசம் அளவில் நிற்கிற விஷயம் இல்லை. ஒரு வாய் பூரி உள்ளே போனாலே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிடும். மைதா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட் எல்லாமே கோதுமைதான் என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. "கோதுமைதானே ஆகாது, இது மைதா பிஸ்கட்தான் கண்ணு" என்று பாசமாக நீட்டுவார்கள்.

அவனுக்கு ரொம்பப் பிடித்தது காலிஃபிளவர் 65. மற்றக் குழந்தைகள் தட்டில் இருப்பதே தன் தட்டிலும் இருக்கிறது என்ற சந்தோஷம் அவனுக்கு அதில் கிடைக்கும். அதனால் வீட்டில் அடிக்கடி செய்வேன். உப்பும் மஞ்சள்தூளும் போட்ட சுடுதண்ணீரில் பூவை ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி ஈரத்தைப் போக்கிவிடுவேன். ஈரம் இருந்தால் மாவு பிடிக்காமல் எண்ணெயில் உதிர்ந்துவிடும். இரண்டு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு கார்ன்ஃப்ளோர், மிளகாய்த்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். மைதா இல்லாமலே மொறுமொறுவென்று வரும். பெருங்காயம் மட்டும் போடமாட்டேன். கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். நம்பாதவர்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சோயா சாஸும் அப்படித்தான், பல பிராண்டுகளில் கோதுமை உண்டு.

சரி, நடந்ததற்கு வருகிறேன். கோயம்புத்தூரில் என் நாத்தனார் மகளுக்குச் சீர். நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. மெனுவில் காலிஃபிளவர் 65 இருந்தது. பந்தியில் எல்லோர் இலையிலும் விழும்போது இவன் ஏங்கிப் போவானே என்று, ஒரு வாரம் முன்னாலேயே கேட்டரிங் எடுத்தவரை நேரில் பார்த்துப் பேசினேன். தனிக் கடாய், புது எண்ணெய், மற்றப் பலகாரம் பொரிப்பதற்கு முன்னால் இவனுக்கு மட்டும் கொஞ்சம் பொரித்து எடுத்து வைக்க வேண்டும். மாவு நானே கலந்து தருகிறேன் என்றேன்.

"நீங்க கவலையே படாதீங்க்கா, நம்ம வீட்டுப் பையன் மாதிரிங்க" என்றார். எண்ணெய்க்கும் அடுப்புக்கும் தனியாக 600 ரூபாய் கேட்டார். அப்போதே ஜிபேயில் அனுப்பினேன். விசேஷத்தன்று காலையில் மாவு டப்பாவை ரப்பர் பேண்ட் போட்டு, பையன் பெயர் எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன்.

பந்தியில் உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்து, "தம்பிக்குத் தனியாச் செஞ்சதுங்க்கா" என்றார். சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கேட்டேன். "மிளகாய்த்தூள் சேத்திப் போட்டோம்" என்றார். நான் நம்பினேன். அந்த இடத்தில் நம்பியிருக்கக் கூடாது. நான் கொடுத்த மாவு அந்த நிறத்தில் வரவே வராது என்று எனக்குத் தெரியும்.

மூன்று துண்டுதான் தின்றான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "அம்மா, நாக்கு அரிக்குது" என்றான். அப்புறம் இருமல், வாந்தி, முகமெல்லாம் வீக்கம். பையில் இருந்த அரிப்பு மருந்து சிரப்பைக் கொடுத்துவிட்டு அடங்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். குரல் மாறி, மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் உடனே தொடையில் அட்ரீனலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீரானது. அடங்கிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடும் என்று ராத்திரி முழுவதும் வைத்திருந்து பார்த்தார்கள். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: இந்த மாதிரி நேரத்தில் சிரப் அரிப்பைத்தான் குறைக்கும், மூச்சுக்கு அட்ரீனலின்தான் வேண்டும். சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் உடனே 108.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனார். மாவு டப்பா ஒரு மூலையில், காய்கறி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. ரப்பர் பேண்ட் போட்டபடியே இருந்தது. திறக்கவே இல்லை.

கேட்டரிங்காரர் முதலில், "கலர் பொடி ஒத்துக்காமப் போயிருக்குமுங்க" என்றார். மிளகாய்த்தூள் என்று என்னிடம் சொன்னவர்தான் இவர். பொரித்த பையனைக் கேட்டபோது, "அண்ணன் எங்ககிட்ட எதுவுமே சொல்லலைங்க. எல்லாத்துக்கும் ஒரே மாவுதான், மைதா போட்டதுதான். அதே எண்ணெயிலதான் பூரியும் போட்டோம்" என்று ஒளிக்காமல் சொன்னான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பணத்தை வாங்கி, வாக்குக் கொடுத்து, பந்தியில் என் முகத்தைப் பார்த்து "தனியாச் செஞ்சது" என்று சொன்னவர் மேல்தான் கோபம். கடைசியில் அவர் சொன்னது: "கொஞ்சூண்டு மைதாதானுங்க்கா."

கொஞ்சூண்டு என்ற பேச்சே அலர்ஜியில் கிடையாது. பூரி பொரித்த எண்ணெயில் அரிசி மாவு தோய்த்த பூவைப் பொரித்தாலும் கோதுமை அதில் ஒட்டும். சர்க்கரை நோயாளிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை என்கிற கணக்கை இங்கே போடாதீர்கள்.

அந்தக் கலர் பொடியும் சின்ன விஷயம் இல்லை. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. எடுத்த 171 மாதிரிகளில் 107-ல் பாதுகாப்பில்லாத நிறங்கள் இருந்ததாக அப்போது சொன்னார்கள். நம் ஊர்ப் பந்தியில் பளீரென்று சிவந்த 65-ஐப் பார்த்தால் எனக்கு இப்போது அதுதான் ஞாபகம் வருகிறது.

சட்டம் நமக்கு எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்று தேடிப் பார்த்தேன். பாக்கெட் உணவில் கோதுமை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா இருந்தால் லேபிளில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 2020-ஆம் வருட விதிமுறை சொல்கிறது. ஓட்டல்களில், மத்திய உரிமம் வாங்கியவர்களும் பத்தோ அதற்கு மேலோ கிளைகள் நடத்துகிறவர்களும்தான் மெனுவில் அலர்ஜி விவரம் தர வேண்டும். மண்டபத்தில் சமைக்கிற உள்ளூர்க்காரர் அதில் வரமாட்டார். கிலோ கணக்கில் லூசாக வாங்குகிற 65 மாவுப் பொடியில் படிக்க லேபிளும் இருக்காது.

அதனால் கேட்டரிங் எடுத்தவரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். அடுப்படியில் நிற்கிறவரிடம் நேராகச் சொல்லுங்கள். டப்பாவைக் கொடுத்துவிட்டு வராமல், பொரித்து முடிக்கிற வரைக்கும் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். விசேஷ நாளில் அது கஷ்டம் என்று தெரியும். முடியாது என்றால் வீட்டிலேயே பொரித்து எடுத்துப் போய்விடுங்கள். ஆறிப்போனால் மொறுமொறுப்பு போகும், போகட்டும். நான் இனி அப்படித்தான் செய்யப் போகிறேன்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, டப்பாவின் போட்டோ இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாள் கேட்டரிங்காரர் 600 ரூபாயை ஜிபேயில் திருப்பி அனுப்பினார், ஒரு வார்த்தைகூட எழுதாமல். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு இணைத்துவிட்டேன்.