ஆளுக்குக் கோட்டாவா, டைரக்டரிக்குக் கோட்டாவா?

இருநூறு பேரின் ஹோம் டைரக்டரியும் முப்பது, நாற்பது ஆய்வுக் குழுக்களின் பொது டைரக்டரியும் ஒரே வால்யூமில் கிடக்கும் லினக்ஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக வருகிறார்கள். இங்கே கோட்டா, அதாவது டிஸ்க் இடத்துக்கு வரம்பு, போட மூன்று வழிகளைப் பரிசீலிக்கலாம்: இஎக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் மீது யூசர் கோட்டா, எக்ஸ்எஃப்எஸ் மீது ப்ராஜெக்ட் கோட்டா, இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் ஆளுக்கொரு டேட்டாசெட் (தனி வரம்பு வைக்கக்கூடிய உட்பிரிவு). என் ஓட்டு நடுவில் இருப்பதற்கு. அதைத்தான் நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

மூன்றும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை. நிறுவுவது எதிலும் அரை நாள் வேலைதான். முடிவை மாற்றுவது ஒரே விஷயம்: ஒரு கோப்பு யார் கணக்கில் ஏறுகிறது என்பது. முதல் நாளில் இதன் அருமை தெரியாது. ஒரு பேட்ச் மாணவர்கள் படிப்பை முடித்துக் கிளம்பும்போது தெரியும்.

யூசர் கோட்டா கோப்பின் ஓனரை மட்டுமே பார்க்கும், அது எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று பார்க்காது. ஒரு மாணவர் குழுவின் பொது டைரக்டரியில் 300 ஜிபி சிமுலேஷன் முடிவுகளை எழுதினால், அது அவருடைய சொந்தக் கணக்கில் ஏறும். ஹோமில் ஒரு சின்னக் கோப்பைச் சேமிக்கக்கூட அப்புறம் இடம் இருக்காது. அவருக்காக வரம்பை உயர்த்தினால், அந்த இடத்தை ஹோமில் சினிமா வைக்கவும் அவர் பயன்படுத்தலாம், தடுக்க முடியாது. அவர் போன பிறகு அக்கவுன்ட்டை நீக்கினால், ரிப்போர்ட்டில் பெயர் இருந்த இடத்தில் வெறும் யூஐடி எண் (அக்கவுன்ட்டின் அடையாள எண்) நிற்கும். கோப்புகளைப் பேராசிரியர் பெயருக்கு மாற்றினால் 300 ஜிபியும் அவர் தலையில் விழும். ரூட்டாகச் செய்வதால் மாற்றம் தடையின்றி நடக்கும், ஆனால் அடுத்த நிமிடம் முதல் பேராசிரியரால் எதுவும் எழுத முடியாது. குரூப் கோட்டா போட்டு டைரக்டரிக்கு செட்ஜிஐடி பிட் (உள்ளே உருவாகும் கோப்புகளுக்கு டைரக்டரியின் குரூப்பையே தரும் குறி) வைப்பது பாதித் தீர்வுதான். அதே வால்யூமுக்குள் எம்வி (நகர்த்தும் கட்டளை) செய்த கோப்பு பழைய குரூப்பையே சுமந்து வரும். ஆர்சிங்க் -ஏ போட்டுக் காப்பி செய்தாலும் அப்படியே.

ப்ராஜெக்ட் கோட்டாவில் கணக்கு டைரக்டரிக்கு. யார் எழுதினாலும், யார் போனாலும் அது மாறாது.

செய்முறை: எஃப்எஸ்டேபில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) மவுண்ட் விருப்பமாக பிகோட்டா சேர்க்க வேண்டும். ரீமவுண்ட் பலிக்காது, அன்மவுண்ட் செய்து மறுபடி ஏற்ற வேண்டும். ரூட் வால்யூம் என்றால் கெர்னல் வரியில் ரூட்ஃப்ளாக்ஸ் வழியாகக் கொடுக்க வேண்டும். பிறகு ஈடிசியில் ப்ராஜெக்ட்ஸ் கோப்பில் எண்ணும் பாதையும், ப்ரோஜ்ஐடி கோப்பில் பெயரும் எண்ணும். எக்ஸ்எஃப்எஸ்_கோட்டா -எக்ஸ் கொண்டு 'ப்ராஜெக்ட் -எஸ்' ஓட்டினால் உள்ளே இருக்கும் கோப்புகள் அனைத்திலும் அந்த எண் பதியும், இனி வருபவையும் அதையே பெறும். கடைசியாக 'லிமிட் -பி': பிசாஃப்ட் (சில நாள் தாண்டவிடும் சாஃப்ட் வரம்பு) 450 ஜிபி, பிஹார்டு (தாண்டவே விடாத வரம்பு) 500 ஜிபி. கூடவே ஐஹார்டு பத்து லட்சம் என்று கோப்பு எண்ணிக்கைக்கும் வரம்பு வையுங்கள்; சின்னக் கோப்புகள் குவியும் கோண்டா, நோட்_மாட்யூல்ஸ் டைரக்டரிகள் ஜிபியைவிட ஐநோடைத்தான் (கோப்புக்கு ஒன்றாக இருக்கும் பதிவு) வேகமாகத் தின்னும். சர்வரில் அந்த டைரக்டரிக்குள் நின்று 'டிஎஃப் .' (மிச்ச இடம் காட்டும் கட்டளை, புள்ளியோடு) அடித்தால், மொத்த டிஸ்க்குக்குப் பதிலாக அந்த டைரக்டரிக்கான வரம்பும் மிச்சமும் காட்டும். இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பிடிக்கும்.

குறைகளும் உண்டு, தெரிந்து இறங்க வேண்டியவை. வேறு ப்ராஜெக்ட் எண் கொண்ட டைரக்டரிக்குள் எம்வி செய்தால் கெர்னல் மறுத்துவிடும், எம்வி உடனே காப்பி செய்து அழிக்கும் வழிக்குப் போய்விடும். நொடியில் முடிய வேண்டிய 400 ஜிபி நகர்த்தல் மணிக்கணக்கில் ஓடும். அப்படிப்பட்ட டைரக்டரிக்குள் ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) போடவே முடியாது. இதைவிட மோசமானது எதிர்த்திசை: ப்ராஜெக்ட் எண் இல்லாத சாதாரண டைரக்டரிக்கு நகர்த்தினால் தடை வராது, ஆனால் கோப்பு பழைய எண்ணோடே அங்கே உட்கார்ந்திருக்கும். பழைய டைரக்டரியில் டியூ (கோப்புகளின் அளவைக் கூட்டும் கட்டளை) 200 ஜிபி காட்டும், கோட்டா 350 சொல்லும். ஆகவே மேல்மட்ட டைரக்டரி ஒன்றுகூட எண்ணில்லாமல் இருக்கக்கூடாது. 'ப்ராஜெக்ட் -சி' ஓட்டினால் பொருந்தாத கோப்புகளைப் பட்டியலிடும். வாரம் ஒரு முறை தானே ஓடும்படி கிரானில் போட்டுவிடுங்கள்.

வரம்பு முட்டும்போது யூசர் கோட்டா 'கோட்டா தாண்டிவிட்டது' என்று சொல்லும், ப்ராஜெக்ட் கோட்டாவோ 'டிவைஸில் இடமில்லை' என்று சொல்லும். சர்வர் நிரம்பிவிட்டதாக எண்ணி எல்லாரும் பதறுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இன்னொன்று, சர்வரில் நேரடி ஷெல் இருந்தால் கோப்பின் ஓனரே ப்ராஜெக்ட் எண்ணை மாற்றிக்கொள்ள முடியும். ஃபைல் சர்வரில் யாருக்கும் லாகின் தராதீர்கள். பிகோட்டா இல்லாமல் ஒரு தடவை மவுண்ட் செய்தாலும் கோட்டாக் கணக்கு சரிபார்க்கப்பட்டது என்ற குறி அழிந்துபோகும். அடுத்த மவுண்டில் ஐநோடு ஐநோடாக எண்ணி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இசட்எஃப்எஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் இதற்காக மாற வேண்டாம். ஆளுக்கொரு டேட்டாசெட், அதற்கு ரெஃப்கோட்டா (ஸ்னாப்ஷாட்டைச் சேர்க்காமல் எண்ணும் வரம்பு): கணக்கு தெளிவாக இருக்கும், ஸ்னாப்ஷாட்டிலிருந்து (ஒரு கணத்தின் நிலையைக் காக்கும் பதிவு) தனியாளுக்கு மட்டும் மீட்டுத் தரலாம். வெறும் 'கோட்டா' பண்பு ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்து எண்ணும், அதனால் கோப்பை அழித்தவருக்கு இடம் திரும்பாது. அதைச் சற்று உயர்த்தி வைத்து, ரெஃப்கோட்டாவை அன்றாட வரம்பாக வைப்பதே முறை. யூசர்கோட்டா பண்பும் உண்டு, ஆனால் அது சில நொடிகள் தாமதித்தே தடுக்கும், அதற்குள் வரம்பைத் தாண்டி எழுதிவிடலாம். சாஃப்ட் வரம்பும் கிரேஸ் காலமும் (அதைத் தாண்டிய பின்னும் எழுதவிடும் அவகாசம்) இசட்எஃப்எஸ்ஸில் இல்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸில் இயல்பான கிரேஸ் 7 நாள். ஹோம் திடீரென்று நிரம்பினால் கிராஃபிக்கல் லாகினே தடைபடலாம் என்பதால் அந்த ஏழு நாள் எனக்குப் பெரிய விஷயம். ஆயிரக்கணக்கான டேட்டாசெட்டை நான் ஓட்டியதில்லை; அந்த அளவில் பூட் ஆகும்போது மவுண்ட் நேரம் எப்படி இருக்கும் என்பதை ஓட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொது டைரக்டரியே இல்லாமல் எல்லாருக்கும் ஹோம் மட்டும் என்றால் யூசர் கோட்டாவே போதும்.

எதை எடுத்தாலும் என்எஃப்எஸ் கிளையன்ட்டில் ஒரு எச்சரிக்கை: எழுதுவது முதலில் கேஷுக்குப் போவதால், கோட்டா பிழை கோப்பை மூடும்போதுதான் வரலாம். மூடும்போது பிழையைச் சரிபார்க்காத ப்ரோகிராம் 'சேமித்தாயிற்று' என்று சொல்லிவிட்டு அரைகுறைக் கோப்பை விட்டுப்போகும். சாஃப்ட் வரம்பைத் தொட்டவர்களுக்குத் தினமும் மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் இதற்காகவே தேவை.

பிகோட்டாவோடு யூக்யூநோஎன்ஃபோர்ஸ் விருப்பத்தையும் சேர்த்து மவுண்ட் செய்யலாம். ஆள்வாரியான கணக்கு ஓடும், யாரையும் தடுக்காது. டிஸ்க் நிரம்பும் வாரத்தில் 'ரிப்போர்ட் -யூ' போட்டால் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.