அம்மாவோட தோள்வலியும் லண்டன்ல இருந்து கொண்டுபோன விஆர் ஹெட்செட்டும்

போன மாசம் மூணு கிழமை இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ வீட்டுல இருந்துட்டு வந்தேன். அம்மாவுக்கு வருஷ ஆரம்பத்துல வாதம் அடிச்சு இடது கை கால் விழுந்துருச்சு, அன்னைக்கு தங்கச்சி 1990ங்கிற நம்பருக்கு கோல் எடுத்ததும் சுவசெரிய அம்புலன்ஸ் எங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, மேல ரோடு வரைக்கும் வந்து அஞ்சு சதம் வாங்காம ஏத்திட்டு போச்சு, 2016ல மேல் மாகாணத்துலயும் தென் மாகாணத்துலயும் தொடங்குன சேவை எங்க மலைக்கும் வந்து சேந்ததுக்கு கையெடுத்து கும்புடுறேன்.

ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த பிறகு தான் கஷ்டமே. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பிசியோ, அதுக்கு த்ரீவீலர் பிடிச்சு டவுனுக்கு போகணும், மத்த நாள்ல வீட்டுல தான் எக்சர்சைஸ். ஆனா இடது தோள்பட்டைய தொட்டாலே அம்மா அழுவுறாங்க. நான் கூட போய் கேட்டப்ப தான் பிசியோ மிஸ் வெளங்கப்படுத்துனாங்க, தசை தளந்து போனதால கையோட பாரமே தோள் மூட்ட கீழ இழுக்குது, அதுல நாம வேற கைய பிடிச்சு தூக்கி உக்கார வச்சா இன்னும் மோசமாகும்னு. அக்கம்பக்கத்து ஆளுக அத்தன பேரும் பாசத்துல அப்படித்தான் தூக்கியிருக்காங்க! யாரும் இத முன்னாடியே எங்களுக்கு சொல்லல, எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. தயவுசெஞ்சு உங்க வீட்டுலயும் யாரையும் கைய பிடிச்சு இழுத்து தூக்காதீங்க.

மிஸ்கிட்ட கேட்டுட்டு தான் விஆர் ஹெட்செட்ட எடுத்தேன், கண்ணுல மாட்டுனா வேற ஒரு எடத்துக்குள்ளயே இருக்குற மாதிரி காட்டுற கருவி அது. அமெரிக்காவுல வாஷிங்டன் யூனிவர்சிட்டியில தீக்காயக்காரங்களுக்கு பனி உலகம் ஒண்ண காட்டிக்கிட்டே மருந்து கட்டி வலிய கொறச்சிருக்காங்க, மனசு வேற எங்கயோ போயிட்டா வலிய கவனிக்க எடம் கம்மியாயிருது, அவ்வளவு தான் விஷயம். வாதம் சொகமாகிற மருந்துன்னு நெனச்சிராதீங்க. இஸ்தோப்புல நாற்காலி போட்டு, கைக்கு கீழ தலகாணி வச்சு, அம்மாவுக்கு கடலுக்கு அடியில மீன் போற காட்சிய போட்டோம், தங்கச்சி மிஸ் சொல்லிக் குடுத்த மாதிரி மெதுவா கைய அசைச்சா. பத்துக்கு ஏழுன்னு சொல்ற வலிய அன்னைக்கு நாலுன்னு சொன்னாங்க. "கடலுக்குள்ள போயிட்டு வந்தேன்டா, நடுவுல தான் கை ஞாபகம் வந்துச்சு"ன்னாங்க. நாப்பது வருஷம் ரெண்டு கையாலயும் கொழுந்தெடுத்த மனுஷி.

பத்து நிமிஷத்துக்கு மேல போடல, அரைக் கிலோ பாரம் கழுத்து தாங்காது, ரெண்டு நாள் தலசுத்தலும் வந்துச்சு, பக்கத்துல ஆள் இல்லாம போடவே கூடாது. கைய அசைச்சு விளையாடுற கேம் சரிவரல, மடங்கிப்போன வெரல அதுக்கு புரியல. அதுக்கு பதிலா மிஸ் கண்ணாடிப் பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க, நல்ல கைய கண்ணாடியில பாத்துக்கிட்டே அசைச்சா விழுந்த கையே அசையிற மாதிரி தெரியும், தமிழ்நாட்டுல பொறந்த வி.எஸ். ராமச்சந்திரன் டாக்டர் கை போனவங்களுக்கு அந்த இல்லாத கையில தெரியுற வலிக்கு கொண்டு வந்த வழியாம், சொவத்துல இருந்த கண்ணாடிய எறக்கியே செஞ்சோம்.

எங்க லயத்துல புள்ள பொறந்தா மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வர்றாங்க, வாதம் வந்த ஆளுக்கு மாசம் ஒருக்காவாவது பிசியோ வரக்கூடாதா? இந்த வரிசையில மட்டும் மூணு பேர் படுக்கையில இருக்காங்க. ஹெட்செட்ட தங்கச்சிக்கிட்டயே விட்டுட்டேன், பக்கத்து காம்பராவுல உள்ளவங்களும் கேக்குறாங்களாம், பிசியோ மிஸ்கிட்ட காட்டி கேட்டுட்டு தான் குடுக்கணும்னு சொல்லியிருக்கேன்.